டிரைவ் ஷாஃப்டில் ஆளுக்கொரு கிராஸ்: கெட்டதை மட்டும் மாற்றுவதா, நான்கையுமா?

பழைய சாவி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1972 டிரையம்ஃப் டிஆர்6 கார். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இரண்டு தொந்தரவு. ஒன்று, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் பின்பக்கம் "டொக்" என்று ஒரு அடி. இரண்டு, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். 70-இல் இல்லை, 80-இல் தொடங்கி, போகப் போகக் கூடுகிறது.

நேற்று ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். பின் சக்கர டிரைவ் ஷாஃப்ட் இரண்டிலும் சேர்த்து நான்கு யுனிவர்சல் ஜாயின்ட் (கூட்டல் குறி வடிவக் கிராஸும், அதன் நான்கு காலிலும் தொப்பி மாதிரி கப்பும் உள்ள மடங்கும் மூட்டு). வலது பக்கம் இரண்டிலும் நடுவில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கிறது. இடது பக்கம் உள்ளே இருப்பது நிப்பிளே இல்லாத சீல் வைத்த வகை. வெளியே இருப்பதில் நிப்பிள் கப்பின் தலையில் இருக்கிறது, முத்திரையும் வேறு. கப் நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்கூட வேறு நிறம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கையில் எது கிடைத்ததோ அதைப் போட்டிருக்கிறார் போல.

இந்தக் கலப்படம்தான் உறுமலுக்குக் காரணமா? கெட்டதை மட்டும் மாற்றலாமா, நான்கையும் ஒரே வகையாக மாற்ற வேண்டுமா?

மூன்றாம் கியர்

நான்கையும் மாற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம். ஒரு கிராஸ் போட எவ்வளவு வேலையோ, நான்கு போடவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஷாஃப்டைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. முடிந்தால் இந்த யூ-ஜாயின்ட் தலைவலியே வேண்டாம் என்று, சாய்ந்தாலும் சீராகச் சுற்றும் சிவி ஜாயின்ட் ஷாஃப்டுக்குப் போய்விடுங்கள்.

கிரீஸ் கை

சாவி தம்பி, வாங்குவதற்கு முன் எது லூஸ் என்று பாருங்கள். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

கார் நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கட்டும், முன் சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள், கியர் நியூட்ரல். ஷாஃப்டை ஒரு கையாலும் அதன் முனையைப் போல்ட்டால் பூட்டும் தட்டான ஃபிளாஞ்சை மறு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். முறுக்கும்போது கட்டை விரல் கப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் கவை வடிவ யோக்குக்கும் குறுக்கே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். நல்ல ஜாயின்டில் ஆட்டமே இருக்கக் கூடாது. "கொஞ்சம்தான் ஆடுகிறது" என்று ஒன்று கிடையாது.

அதே மாதிரி ஷாஃப்டின் நடுவில் நீண்டு குறுகும் பல் பூட்டான ஸ்ப்ளைனையும் முறுக்கிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் புது கிராஸ் போட்டும் "டொக்" போகாது. பிறகு, பின் சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் பல் இடைவெளி கொஞ்சம் இருக்கும், அது இயல்பு. அதை ஜாயின்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த வண்டியில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸில் வெல்டு விட்டு விரிசல் காண்பது பழைய வியாதி. வலது முன்பக்கத்தை முதலில் பாருங்கள். அந்த விரிசல் போடும் சத்தமும் இதே "டொக்"தான். கிராஸை மாற்றிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

உறுமலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதை டிரைவ் ஷாஃப்டின் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

டிஆர்6-இன் வழக்கமான 165-15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். அதாவது சக்கரமும் டிரைவ் ஷாஃப்டும் வினாடிக்கு 11 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் உங்கள் வண்டியில் 3.45 அல்லது 3.7 ஆக இருக்கும். 3.7 என்று வைத்தால், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 40 சுற்று.

மையம் விலகிச் சுற்றும் ஒரு பொருள் கொடுக்கும் உதைப்பு, சுற்று வேகத்தின் இருமடிப்படி கூடும். ஒரே அளவு விலகல், ஒரே எடை என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தரும் உதைப்பு டிரைவ் ஷாஃப்ட் தருவதைப்போல 3.7 பெருக்கல் 3.7, அதாவது 13 மடங்குக்கு மேல். டிரைவ் ஷாஃப்டில் ஒரு கிராஸ் மற்றதைவிடச் சில கிராம் கனம் என்பதெல்லாம் வினாடிக்கு 11 சுற்றில் உங்கள் முதுகுக்கு எட்டவே எட்டாது.

வினாடிக்கு 11 என்பது ஆட்டம், அதிர்வு, ஏறக்குறைய எண்ணிவிடலாம். 40 என்பது உறுமல். நீங்கள் எழுதியிருக்கும் சொல் "உறுமல்". ஆகவே என் சந்தேகம் நடுவில் ஓடும் நீள ஷாஃப்டின் மேல்தான்.

உறுதி செய்ய: 80-இல் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் வேகம் விழுந்தும் உறுமல் அப்படியே நின்றால் எஞ்சினும் கிளட்சும் குற்றவாளி இல்லை.

பழைய சாவி

கணக்குப்பிள்ளை சார், நியூட்ரலில் போட்டும் உறுமுகிறது. விகிதம் 3.7 என்றுதான் எண்ணிப் பார்த்ததில் வருகிறது.

கிரீஸ் கை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி முறுக்கினேன். இடது வெளி ஜாயின்ட் நன்றாகவே ஆடுகிறது. கப்பைச் சுற்றிச் செம்பொடி மாதிரி துரு. மற்ற மூன்றிலும் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. பிராக்கெட்டில் விரிசல் இல்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தே பார்த்தேன்.

ஆனால் ஒரு விஷயம். ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கியரில் ஓட்டினால் இரண்டு பக்கமும் கடகடவென்று பயங்கரச் சத்தம். அது என்ன?

கிரீஸ் கை

முதலில், அப்படி ஓட்டாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை எஞ்சினால் சுற்றவிட்டு அடியில் எட்டிப் பார்ப்பது கைகால் போகிற வேலை.

இரண்டாவது, அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லை. சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போது ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து நிற்கும். அந்தக் கோணத்தில் எந்தப் புது ஜாயின்டும் முனகும்.

செம்பொடிதான் வேண்டிய சாட்சி. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருவாக அரைபட்டு வெளியே வருகிறது. மெதுவாகப் போகும்போது சுவர் ஓரமாக ஓட்டிப் பாருங்கள், எலி மாதிரி "கீச் கீச்" என்று சக்கரச் சுற்றுக்கு ஒத்துக் கேட்கும்.

கணக்குப்பிள்ளை

அந்தக் கடகடவுக்குக் காரணம் சொல்கிறேன். ஒற்றை யூ-ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது, உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 சதவீதம்தான். 10 டிகிரியில் 1.5. 15 டிகிரியில் 3.5. கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்கு.

அதனால்தான் ஷாஃப்டுக்கு இரண்டு ஜாயின்ட். முதலாவது செய்த குளறுபடியை இரண்டாவது எதிர்ப்பக்கமாகச் செய்து சரிக்கட்டுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனை: இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையில் உள்ள யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். 90 டிகிரி தப்பிப் பூட்டினால் சரிக்கட்டுவதற்குப் பதிலாக இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும்.

டிஆர்6-இல் சக்கரத்தைத் தாங்கும் பின் ஆர்ம் சாய்வாகக் கீல் போட்டது. சக்கரம் மேலே கீழே போகும்போது அதன் நிற்கும் கோணமும் மாறும். அதனால் முதல் நிபந்தனை முழுதாக நிறைவேறுவதில்லை, அது வடிவமைப்பிலேயே உள்ள குறை. இரண்டாவது நிபந்தனை உங்கள் கையில். ஸ்ப்ளைனைப் பிரித்தால் கோடு போடாமல் பிரிக்காதீர்கள்.

சாலைக்காகம்

நான் ஜாகுவார் ஈ-டைப் வைத்திருப்பவள், டிஆர் இல்லை. ஆனாலும் கலப்படக் கிராஸ் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டதால் சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் டிரைவ் ஷாஃப்ட்தான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மும்கூட. நீண்டு குறுகும் ஸ்ப்ளைன் கிடையாது. ஜாயின்ட் லூஸானால் சத்தத்தோடு நிற்காது, சக்கரமே உள்ளும் புறமும் சாயும். அதனால் நான் எப்போதும் அளந்துதான் வாங்குவேன். அப்படியும் ஒரு முறை ஏமாந்தேன். கப்பின் விட்டம் பொருந்துகிறதே என்று சந்தோஷமாகத் தட்டி ஏற்றினால் சர்க்ளிப் இடம் வரவில்லை.

விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்பைசர் வகை ஜாயின்ட் 1310, 1330 இரண்டிலும் கப் விட்டம் ஒன்றுதான், 27 மில்லிமீட்டர். ஆனால் முனைக்கு முனை அகலம் ஒன்றில் 81.8, இன்னொன்றில் 92.1. கையில் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கப் விட்டம், கப் முதல் கப் வரை அகலம், சர்க்ளிப் கப்புக்கு வெளியே உட்காருகிறதா உள்ளேயா, இது மூன்றையும் வெர்னியரில் எழுதி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

சாவி, உங்கள் வண்டியில் "நிறம் வேறு" என்று சொன்ன சர்க்ளிப்தான் எனக்கு உறுத்துகிறது. கனம், அதாவது தடிமன், வேறாக இருக்கலாம்.

மூன்றாம் கியர்

சீல் வைத்ததையும் நிப்பிள் வைத்ததையும் கலந்து போடலாமா என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: கூடாது.

கிரீஸ் கை

ஏன் கூடாது? அளவு ஒன்றாக இருந்தால் போடலாம். ஷாஃப்டுக்கு முத்திரை தெரியாது.

சீல் வகையில் கிராஸுக்குள் கிரீஸ் ஓட்டை இல்லை, முழு இரும்பு, அதனால் வலு அதிகம். நிப்பிள் வகையில் நடுவில் துளை போட்டிருப்பதால் வலு சற்றுக் குறைவு, ஆனால் ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் நீண்ட நாள் வரும். "ஒழுங்காக" என்பதில்தான் விஷயம். நிப்பிள் வைத்த வண்டிகளில் பாதிக்கு மேல் நிப்பிளில் பெயிண்ட்தான் இருக்கும். கிரீஸ் கன் தொட்டிருக்காது. நீங்கள் அடியில் படுக்கிற ஆளா இல்லையா என்று உங்களுக்கே தெரியும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

நான் என்றால் நான்கையும் மாற்றுவேன், கலப்படம் என்பதற்காக இல்லை. இந்த வண்டியில் ஷாஃப்டை வெளியே எடுக்க பிரேக் டிரம், ஹப்பைப் பிடிக்கும் ஆறு நட்டு, உள்பக்க ஃபிளாஞ்ச் போல்ட்டு நான்கு எல்லாம் கழற்ற வேண்டும். அந்த நட்டுகள் ஏறும் ஆறு ஸ்டட்டும் அலுமினிய ஆர்மில் திருகியவை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒன்று இழுத்துக்கொண்டு வரும். அதனால் ஒரே முறை கழற்றுவது நல்லது. மூன்றாம் கியர் சொன்ன முடிவு சரி, காரணம்தான் வேறு.

சிவி ஷாஃப்ட் நல்ல பொருள்தான். டிஆர்6-இல் ஸ்ப்ளைன் காய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் இறுகிப் பிடித்து, காலை எடுத்ததும் சட்டென விட்டு வண்டியின் வாலை ஒரு வெட்டு வெட்டும். சிவியில் அது போய்விடும். ஆனால் இவருக்கு அந்தத் தொந்தரவு இருப்பதாகச் சொல்லவில்லை. காலில் முள் குத்தியதற்குக் காலையே மாற்ற வேண்டாம்.

ஓரமா நில்லு

காலை மாற்றியவன் ஒருவன் இங்கே இருக்கிறேன், சிவி போட்டவன். வெட்டு போனது உண்மை. "டொக்" போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, பிராக்கெட் விரிசல். கிரீஸ் கை மேலே சொன்ன "அழுதவர்கள்" பட்டியலில் நானும் உண்டு.

பழைய சாவி

நான்கும் வாங்கிவிட்டேன், நிப்பிள் வகை. சாலைக்காகம் சொன்ன மூன்று அளவையும் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் அளந்து வாங்கினேன். சனிக்கிழமை இறங்கப் போகிறேன். பிரஸ் இல்லை, வைஸ் இருக்கிறது. யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா?

கிரீஸ் கை

முந்தின நாளே ஸ்டட்டுகளுக்கும் சர்க்ளிப் பள்ளத்துக்கும் துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஷாஃப்டை ஹப்போடு முழுதாக இழுத்து மேசைக்குக் கொண்டு வாருங்கள். ஹப்பைத் தனியே பிரிக்க ஆசைப்படாதீர்கள். அது கூம்பில் இறுகியது, அதற்கு வேறு கருவி வேண்டும், உங்களுக்குத் தேவையும் இல்லை.

முதல் வேலை சென்டர் பஞ்ச் எடுத்து ஸ்ப்ளைனின் இரு பக்கமும் புள்ளி வைப்பது. பெயிண்ட் கோடு வேண்டாம், டீசலில் கழுவும்போது போய்விடும்.

சர்க்ளிப் நான்கையும் எடுங்கள். வராவிட்டால் கப்பின் தலையில் ஒரு தட்டு, அழுத்தம் விட்டதும் வரும். பிறகு வைஸில் ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். இறுக்க இறுக்க சின்னது தள்ளும், பெரியது வாங்கும். யோக்கின் காதில் சுத்தியல் படவே கூடாது. காது வளைந்தால் ஷாஃப்டே போச்சு.

கப் வெளியே வந்ததும் யோக்கின் துளையைப் பாருங்கள். பழைய கப் கையால் தள்ளினாலே சுழல்கிறது, துளை முட்டை வடிவம் ஆகிவிட்டது என்றால் அங்கே நிறுத்துங்கள். பஞ்ச் அடித்து இறுக்குவது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் ஊரை ஏமாற்றும் வேலை. அந்த யோக்கை மாற்றத்தான் வேண்டும்.

புதுசை ஏற்றும்போது கிராஸை உள்ளே வைத்து, ஒரு கப்பைப் பாதி தள்ளி, கிராஸின் காலைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே மற்றதையும் தள்ளுங்கள். அப்படிப் பிடித்திருந்தால் ஊசி சரியாது. எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்: சர்க்ளிப் பள்ளம் முழுதாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம்தான் என்று இறுக்குவார்கள். இறுக்காதீர்கள். ஒரு ஊசி கப்பின் அடியில் குறுக்கே படுத்திருக்கிறது. கழற்றி, ஊசியைக் கிரீஸில் நிறுத்தி, மறுபடி ஏற்றுங்கள்.

எல்லாம் உட்கார்ந்ததும் கிராஸ் இறுக்கமாக இருக்கும். பித்தளைச் சுத்தியலால் யோக்கின் அடிப்பாகத்தில் லேசாகத் தட்டினால் கப் வெளியே நகர்ந்து சர்க்ளிப்பில் முட்டும், கிராஸ் விடுபடும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக மடங்க வேண்டும், எங்கும் பிடிக்கக் கூடாது, ஆட்டமும் கூடாது. ஆட்டம் இருந்தால் கனமான சர்க்ளிப், ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே கனம்.

நிப்பிள் ஷாஃப்டின் பக்கம் பார்க்கட்டும், கன் எட்டும். வண்டி முன்னே போகும்போது நிப்பிள் இருக்கும் மூலை நசுங்கும் திசையில் இருக்க வேண்டும், விரியும் திசையில் அல்ல. துளை போட்ட இடம் இழுபட்டால்தான் விரிசல் வரும்.

லித்தியம் ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸ், 2-ஆம் எண். நான்கு சீலிலும் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்டை மடக்கி அசைத்து மறுபடி அடியுங்கள்.

பழைய சாவி

முடிந்தது. ஒரு நாள் என்று நினைத்தது இரண்டரை நாள் ஆனது.

இடது வெளி ஜாயின்டில் ஊசியே இல்லை. இரண்டு கப்பில் செம்பொடி மட்டும். கிராஸின் காலில் ஊசி பதிந்த பள்ளம் வரிவரியாக, நகத்தால் எண்ணலாம். மற்ற மூன்றும் நல்ல நிலையில்தான் இருந்தன. சீல் வைத்த அந்தத் தனி ஆள் உள்ளே பளபளவென்று இருந்தது. அதைக் கழற்றவே மனசு வரவில்லை.

இன்னொரு ஆச்சரியம்: இடது ஷாஃப்டின் யோக்குகள் நேர்கோட்டில் இல்லை. ஸ்ப்ளைனில் இரண்டு பல் தள்ளிப் பூட்டியிருந்தது. கோடு போடாமல் பிரித்த யாரோ செய்த வேலை. நானும் முதலில் அந்தத் தப்புக்கே புள்ளி வைத்துவிட்டேன்! பிறகு இரும்பு ஸ்கேலை யோக்குகளின் மேல் வைத்துப் பார்த்ததில் பிடிபட்டது.

"டொக்" போய்விட்டது. உறுமல் அப்படியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

உறுமல் இருக்கும் என்றுதான் சொன்னேன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சுகளில் குறி. சாலைக்காகம் சொன்ன சர்க்ளிப்பை அங்கேயும் அளந்து பாருங்கள்.

பழைய சாவி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சார், சர்க்ளிப்தான். பின் ஜாயின்டில் ஒரு பக்கம் 1.5 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 1.8. கிராஸில் ஆட்டம் ஒன்றும் இல்லை, விரல் வைத்தால் நல்ல ஜாயின்ட் என்றுதான் சொல்லும்.

கணக்குப்பிள்ளை

0.3 வித்தியாசம் என்றால் மையம் 0.15 விலகியிருக்கிறது. அந்த முனையில் தாங்கும் எடை 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 சுற்றில் ஏறக்குறைய 4 கிலோ எடை அளவுக்கு உதைப்பு, வினாடிக்கு நாற்பது முறை. உறுமாமல் என்ன செய்யும்?

பழைய சாவி

இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் சர்க்ளிப் போட்டு, ஷாஃப்டை பேலன்ஸும் பார்த்துப் பூட்டினேன். 80-இல் அமைதி. 110 வரை பார்த்துவிட்டேன், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பரைப் படிக்க முடிகிறது.

சாலைக்காகம்

கழற்றிய அந்த சீல் வைத்த கிராஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கப்புகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள். எந்தக் கப் எந்தக் காலில் இருந்தது என்று எழுதியும் வையுங்கள்.

பழைய சாவி

வைத்திருக்கிறேன் அக்கா. கிரீஸ் கை அண்ணா, ஒரு கேள்வி பாக்கி. நீங்கள் சொன்ன மாதிரியே வலது ஹப்பில் ஒரு ஸ்டட் அலுமினியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மீதி ஐந்தில் ஓடுகிறது, இப்படியே ஓட்டலாமா?

கிரீஸ் கை

ஓட்டாதீர்கள். நிறுத்துங்கள். கம்பிச் சுருள் இன்செர்ட் போட்டுத் திருகு புதுசாக்கலாம். ஆர்மைக் கழற்றாமலே செய்யலாம், ஆனால் டிரில் நேராக நிற்க வேண்டும். படம் எடுத்துப் போடுங்கள், துளை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.